அச்சு கெடுத்தது, அமிலம் திருத்தியது

உருகிய கண்ணாடி இரும்பைத் தொடுகிற நொடியில்தான் சிக்கல் தொடங்குகிறது. உலையிலிருந்து எடுத்த கண்ணாடி 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் இருக்கும். அது விழுகிற இரும்பு அச்சு அந்த அளவுக்குச் சூடாக இருக்க முடியாது. இருந்தால் கண்ணாடி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அச்சைத் தொட்ட மெல்லிய மேற்படலம் கண்மூடித் திறப்பதற்குள் இறுகிவிடுகிறது. உள்ளே இருப்பதோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து பிளஞ்சர் என்ற அழுத்துதண்டு இறங்கி அழுத்தும்போது, ஓடுகிற கண்ணாடி இறுகிய படலத்தைத் தள்ளுகிறது. காய்ச்சிய பாலின் ஆடையை ஊதினால் எப்படிச் சுருங்கி மடிகிறதோ, அப்படி அந்தப் படலமும் சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் உறைந்து, கிண்ணத்தின் முகத்தில் அலையலையாக நின்றுவிடுகிறது.

இது போதாதென்று இன்னும் இரண்டு வடு. கண்ணாடிக் குழம்பைக் கத்தரியால் நறுக்கித்தான் அச்சில் விடுவார்கள். கத்தரி பட்ட இடம் சற்றுக் குளிர்ந்து ஒரு கோடாக நிற்கும். பொருளை வெளியே எடுப்பதற்காக அச்சு இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரியும். துண்டுகள் சேரும் இடத்தில் கண்ணாடி பிதுங்கி மெல்லிய வரம்பு விழும். விரல் நுனியால் தடவினாலே அகப்படும் வரம்பு அது. பழைய பிரிட்டிஷ் அச்சுக் கண்ணாடியைச் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான்.

ஊதிச் செய்து, சக்கரத்தில் பட்டை தீட்டி மெருகேற்றிய கண்ணாடி செல்வர் வீட்டுச் சாமான். அதே பட்டைகளை அச்சுக்குள்ளேயே செதுக்கிவிட்டு, நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் கிண்ணம் தயார் என்ற வித்தை 1820களில் அமெரிக்காவில் வேரூன்றி, விரைவிலேயே பிரிட்டனுக்கும் வந்தது. பிரிட்டனில் 1745 முதல் கண்ணாடிக்கு எடைக் கணக்கில் வரி இருந்தது. கனமான அச்சுக் கண்ணாடிக்கு அது பெரிய முட்டுக்கட்டை. 1845-இல் வரி ஒழிந்ததும் கதவு திறந்தது. வட கிழக்கில் கேட்ஸ்ஹெட் நகரின் சவர்பி, டேவிட்சன் ஆலைகள். சண்டர்லாந்தில் கிரீனர், அதுவே பின்னால் ஜாப்லிங். மான்செஸ்டர் வட்டாரத்தில் மாலினோ வெப், டெர்பிஷயர். யார்க்‌ஷயரின் நாட்டிங்லியில் பேக்லி. சாதாரணக் குடும்பத்தின் மேசைக்குச் சர்க்கரைக் கிண்ணமும் வெண்ணெய்த் தட்டும் பூச்சாடியும் இவர்களிடமிருந்துதான் போயின.

விலை குறைந்தது, வடிவம் கிடைத்தது, முகம் மட்டும் கெட்டுப்போனது. இந்தக் கண்ணாடிகளின் மேற்பரப்பில் நாம் காணும் பளபளப்பு, மங்கல், வானவில் மினுமினுப்பு எல்லாமே அந்தக் கெட்ட முகத்தைச் சரிசெய்யவோ மறைக்கவோ பிறந்தவை என்பது என் கட்சி. அலங்காரம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி வைத்தியம்.

முதல் வைத்தியம் வெறும் மறைப்பு. ஆரம்பகால அமெரிக்க அச்சுக் கண்ணாடிகளில் பூவேலைப்பாடுகளுக்கு நடுவே இடமே விடாமல் ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகள் நிறைந்திருக்கும். அழகுக்காக என்று தோன்றும். உண்மையில் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒளியைத் தனித்தனித் திசையில் திருப்பிவிடுவதால், அடியில் இருக்கும் சுருக்கம் கண்ணில் படாது. சமமான பரப்பில்தான் குறை தெரியும். குழப்பமான பரப்பில் தெரியாது. மலிவான, கெட்டிக்காரத்தனமான தீர்வு.

இரண்டாவது வைத்தியம் நெருப்பு. அச்சிலிருந்து எடுத்த கிண்ணத்தின் அடியை ஓர் இரும்புக் கம்பியின் முனையில் பிடித்துக்கொண்டு, மறுபடியும் உலைவாயில் காட்டுவார்கள். வெளித்தோல் மட்டும் இளகும். இளகிய கண்ணாடியின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. எந்தத் திரவமும் தன் மேற்பரப்பைக் குறைத்துக்கொள்ளவே பார்க்கும். மேடும் பள்ளமும் இருந்தால் பரப்பு கூடுதல். ஆகவே பரப்பு இழுவிசை மேட்டை இறக்கிப் பள்ளத்தை நிரப்புகிறது. கண்ணாடியின் பாகுத்தன்மை அதற்கு எதிராக நின்று தாமதப்படுத்துகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு மேடு தட்டையாக எடுத்துக்கொள்ளும் நேரம், அந்த மேட்டின் அகலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 5 மில்லிமீட்டர் அகலமுள்ள அலங்காரப் பட்டை அழிவதற்கு ஒரு நேரம் ஆகும் என்றால், பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள அச்சு வரம்பு அதில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் அடங்கிவிடும். வேண்டாததை அழித்து வேண்டியதை விட்டுவைக்கும் இந்தப் பாகுபாட்டை நெருப்பு தானாகவே செய்கிறது. தொழிலாளியின் திறமை எந்த நொடியில் வெளியே இழுப்பது என்பதில் இருந்தது. கொஞ்சம் பிந்தினால் பட்டைகளின் கூர் மழுங்கி, கிண்ணம் சோப்புபோல வழுக்கும். சேகரிப்பாளர்கள் இரண்டு ஒரே மாதிரிக் கிண்ணங்களை அருகருகே வைத்து, ஒன்றின் விளிம்புகள் கூராகவும் மற்றதன் விளிம்புகள் தளர்ந்தும் இருப்பதைக் கண்டால், தேய்ந்த அச்சு என்று உடனே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். உலைவாயில் சில நொடி கூடுதலாக நின்றதும் காரணமாக இருக்கலாம்.

நெருப்பு மெருகு கண்ணாடியை வலுவாகவும் ஆக்குகிறது. கண்ணாடியின் வேதிப் பிணைப்புகளை வைத்துக் கணக்கிட்டால் வரும் வலிமையில் நூறில் ஒரு பங்கு அளவுதான் நடைமுறையில் கிடைக்கிறது. பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஏ. ஏ. கிரிஃபித் 1921-இல் வெளியான கட்டுரையில் இதற்குக் காரணம் சொன்னார். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கின்றன. இழுவிசை அவற்றின் கூர்முனையில் குவிகிறது. அங்கிருந்துதான் உடைவு கிளம்புகிறது. உலைவாயில் காட்டும்போது அந்த நுண்விரிசல்களின் கூர்முனைகள் உருண்டு மூடிக்கொள்கின்றன. கேட்ஸ்ஹெட் தொழிலாளிகள் கிரிஃபித்துக்கு அரை நூற்றாண்டு முன்பே, காரணம் தெரியாமலேயே, கண்ணாடியை வலுப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது அமிலம். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

1771-இல் ஸ்வீடனின் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமத்தைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் சூடாக்கினார். கிளம்பிய ஆவி பாத்திரத்தின் உட்புறத்தையே அரித்துவிட்டது. அதுதான் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம். மற்ற அமிலங்களைப் பத்திரமாக வைக்க நாம் நாடுவதே கண்ணாடியைத்தான். அதையே தின்னும் அமிலம் இது. கண்ணாடியின் உடம்பு சிலிக்கா. சிலிக்கானும் ஆக்சிஜனும் கோத்த வலை. அந்த வலையில் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிட்டுச் சிலிக்கானைப் பிடித்துக்கொள்ளும் வேட்கை ஃபுளோரினுக்கு உண்டு. வலை அறுந்து, சிலிக்கான் ஃபுளூரைடாகக் கரைந்துபோகிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்த அமிலத்தை ஈயத் தகடு போர்த்திய தொட்டிகளிலும் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் கலன்களிலும் வைத்துக் கையாண்டார்கள்.

இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் வட்டாரம்தான் இந்த அமிலக் கலையின் தாயகம். அங்கே வேர்ட்ஸ்லியில் பட்டறை வைத்திருந்த ஜான் நார்த்வுட் (1836–1902) இதன் பெரும்புள்ளி. ரோமானியர் காலத்து போர்ட்லண்ட் சாடியைக் கண்ணாடியிலேயே மறுபடி செதுக்கி 1876-இல் முடித்தவர் அவர். அமிலத்தால் ஒரே சீராகக் கோலம் அரிக்கும் இயந்திரங்களையும் உருவாக்கினார். நம் கதைக்கு முக்கியமானது, அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘வெள்ளை அமிலம்’.

தனி ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தோடு கந்தக அமிலத்தைச் சேர்த்தால் கண்ணாடி மங்காது, பளிச்சென்று மெருகேறும். அரிபட்டதெல்லாம் உடனுக்குடன் கரைந்து விலகிவிடுவதால் பரப்பு சமமாகவே இறங்குகிறது. ஆனால் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தின் வீரியத்தைச் சோடா, பொட்டாஷ், அம்மோனியா உப்புகளால் பாதி அடக்கிவிட்டால் நடப்பதே வேறு. கண்ணாடியிலிருந்து விடுபடும் சிலிக்கான் அந்த உப்புகளோடு கூடி, எளிதில் கரையாத ஃபுளோரோசிலிகேட் படிகங்களாகக் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. படிகம் உட்கார்ந்த இடம் தப்பிக்கிறது. படிகங்களுக்கு இடையிலான சந்துகளில் அமிலம் இறங்கித் தின்கிறது. கழுவி எடுத்தால் சில மைக்ரான் உயரமுள்ள எண்ணற்ற சிறு குன்றுகள். அந்தக் குன்றுகள்தான் நாம் காணும் பட்டுப்போன்ற மங்கல். கண்ணாடியின் மேல் எதையும் பூசவில்லை. அதிலிருந்து கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

1930களின் பேக்லி பூச்சாடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். இளம்பச்சை நிறம், படிப்படியாக மடிந்த கோண வடிவம், முழுதும் மங்கல் ஃபினிஷ். உலர்ந்த விரலால் தடவினால் வழுவழுவென்றும் இல்லை, சொரசொரவென்றும் இல்லை. நகம் எங்கும் சிக்காது. 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால் ஒரே சீரான நுண்மணிப் பரப்பு. இதுவே மணல் பீய்ச்சி மங்கலாக்கியது என்றால் கதை வேறு. ஃபிலடெல்ஃபியாவின் பெஞ்சமின் டில்மன் 1870-இல் காப்புரிமை பெற்ற முறை அது. மணல் துகள் ஒவ்வொன்றும் கண்ணாடியைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கிறது. லென்ஸில் ஒழுங்கற்ற, கூர்விளிம்புள்ள பெயர்ப்புகள் தெரியும், நகம் உரசும். குறுகிய கழுத்துள்ள சாடியின் உட்புறத்துக்கு மணல் பாய்வது கடினம். அமிலமோ தண்ணீர் போகிற இடமெல்லாம் போகும். உள்ளும் புறமும் ஒரே சீராக மங்கியிருந்தால் தொட்டியில் முக்கியெடுத்தது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

இப்போது அந்தச் சாடியின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு விழுந்த இடம் மட்டும் கண்ணாடி தெளிந்து, ஒரு சிறு ஜன்னல் திறந்ததுபோல உட்புறம் தெரியும். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் இடத்தில் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடுகிறது; நுழைவதும் குன்றுகளின் சரிவுக்கேற்ப கண்டபடி வளைகிறது. இந்த வளைவுக்குக் காரணம் காற்றின் ஒளிவிலகல் எண் 1, கண்ணாடியினுடையது ஏறத்தாழ 1.52 என்ற இடைவெளி. தண்ணீர் 1.33. அது குன்றுகளுக்கு நடுவே நிறைந்ததும் இடைவெளி சுருங்குகிறது. திரும்பும் ஒளி அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. எண்ணெய் 1.47. அதைத் தடவினால் குன்றுகள் இருக்கும் சுவடே தெரியாது. மங்கல் கண்ணாடியை எண்ணெய்ப் பசையுள்ள விரலால் தொட்டால் ரேகை அப்பட்டமாகப் பதிவது இதனால்தான். எண்ணெயின் இந்தக் குணத்தைச் சில வியாபாரிகளும் அறிந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மங்கல் ஃபினிஷ் ஒளியைத் தின்பதில்லை, திசை மாற்றுகிறது. அச்சுச் சுருக்கமும் வரம்பும் கண்ணில் படுவது, அவற்றின்மேல் படும் ஒளி ஒரே திசையில் பளிச்சிடுவதால். பளிச்சிடல் போனதும் குறையும் மறைகிறது. ஆனால் உருவத்தின் நிழலும் திரட்சியும் கூடுதலாகத் தெரியும். சிற்ப வடிவங்களுக்கு இது பொருந்தியதுபோல வேறு எதற்கும் பொருந்தவில்லை. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் 1867-இல் வைக்கப்பட்ட, லாண்ட்சியர் வடித்த சிங்கங்களைப் பார்த்து, ஜான் டெர்பிஷயர் 1874-இல் பதிவுசெய்த காகித எடைச் சிங்கம் இதற்கு நல்ல உதாரணம். பளபளக்கும் பிரதியில் சிங்கத்தின் முகமே பிடிபடாது; எதிரொளியில் கண் கூசும். மங்கல் பிரதியில் பிடரி மயிர் வரை தெரியும்.

1930களில் மங்கலுக்கு மறுவாழ்வு தந்தவர் பிரான்சின் ரெனே லாலிக். அவருடைய மங்கலும் பால்நீலமும் கலந்த கண்ணாடிகள் ஐரோப்பாவின் மோகமாக இருந்தன. 1921-இல் பைரெக்ஸ் உரிமம் பெற்று அடுப்பில் வைக்கும் பாத்திரங்களால் செழித்த சண்டர்லாந்தின் ஜாப்லிங், லாலிக் பாணியில் ‘ஓபாலிக்’ என்ற வரிசையை வெளியிட்டது. பெயரிலேயே ஆசை தெரிகிறது. அச்சு வேலை நேர்த்தியானதுதான். விற்பனை சுமார், இன்று சேகரிப்பாளர்களிடம் கிராக்கி அதிகம். அதே காலத்தில் பேக்லி இன்னும் மலிவாக, மேசை அலங்காரங்களையும் பூச்சாடிகளையும் மங்கல் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுபோனது. கலைநயத்தில் ஜாப்லிங் மேல். ஆனால் அன்றைய பிரிட்டிஷ் வீடு எப்படி இருந்தது என்று அறிய பேக்லி சாடியைத்தான் பார்க்க வேண்டும்.

மங்கல் கண்ணாடிக்கு ஒரு பலவீனம் உண்டு. கூரான பள்ளம் என்பது கிரிஃபித் சொன்ன விரிசலுக்கு நெருங்கிய உறவு. மின்விளக்குக் குமிழின் உட்புறத்தை மங்கலாக்க முயன்றவர்கள் இதனால் நெடுங்காலம் தோற்றார்கள். குமிழ் தட்டினால் உடைந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் மார்வின் பிப்கின் 1920களின் நடுவில் கண்டது எளிய தீர்வு. ஒருமுறை அரித்த பிறகு, வீரியம் குறைந்த அமிலத்தால் மறுபடி ஒருமுறை அரிப்பது. இரண்டாவது அரிப்பில் கூர்பள்ளங்கள் உருண்டு கிண்ணக்குழிகளாகின, குமிழ் உறுதியானது. எங்கள் தலைமுறை வீட்டில் எரிந்த பால்நிறக் குண்டு பல்புகளில் பலவும் இந்த வித்தையின் வாரிசுகள்.

ஜான் நார்த்வுட்டுக்கு ஹாரி என்றொரு மகன். 1860-இல் பிறந்தவர். 1881-இல் அமெரிக்கா போய், மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் கண்ணாடித் தொழிலில் காலூன்றினார். தந்தை கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து எடுத்தார். மகன் அதன்மேல் சேர்த்தார். 1907-இன் இறுதியில் அதே மாநிலத்தின் ஃபெண்டன் ஆலை, அச்சுக் கண்ணாடியில் வானவில் மினுக்கம் ஏற்றி விற்கத் தொடங்கியது. 1908-இல் ஹாரி நார்த்வுட்டும் இறங்கினார். இன்று கார்னிவல் கண்ணாடி என்று அழைக்கப்படுவது இதுதான். பிரிட்டனில் இதை அதிகம் செய்தது சவர்பி. 1920களில், விக்டோரியா காலத்து அச்சுகளைத் தூசிதட்டி எடுத்து, அவற்றில் அழுத்திய கிண்ணங்களுக்கு இந்தப் புதிய மினுக்கத்தைக் கொடுத்தார்கள். மூன்று டால்ஃபின்கள் தலைகீழாகப் பாய்ந்து கால்களாக நிற்கும் கிண்ணம் அவற்றில் பெயர்பெற்றது.

செய்முறை கேட்க எளிது. அச்சிலிருந்து வந்து இன்னும் தணலாக இருக்கும் கிண்ணத்தின்மேல் ஸ்டானஸ் குளோரைடு என்ற வெள்ளீய உப்பு அல்லது இரும்புக் குளோரைடு கரைசலைப் பீய்ச்சுவார்கள். சூட்டில் குளோரின் அமிலப் புகையாகக் கிளம்பிவிடும். உலோக ஆக்சைடு கண்ணாடியோடு பிணைந்து மெல்லிய படலமாகத் தங்கிவிடும். அந்தப் புகையில் நின்று வேலை செய்தவர்களின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எந்த விலைப்பட்டியலும் சொல்வதில்லை.

வெள்ளீய ஆக்சைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2. படலத்தின் மேல்முகத்தில் கொஞ்சம் ஒளி திரும்புகிறது; அடிமுகத்தில் கொஞ்சம். இரண்டும் சந்திக்கும்போது சில அலைநீளங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, சில அடித்துக்கொண்டு அழிகின்றன. 70 நானோமீட்டர் தடிமனுள்ள படலம் பச்சை, மஞ்சள் பகுதியில் ஒளியைச் சுமார் 20 சதவீதம் திருப்பும். வெறும் கண்ணாடி திருப்புவதைப்போல ஐந்து மடங்கு. இந்தப் பளபளப்பில் அச்சுச் சுருக்கத்தை யார் தேடப்போகிறார்கள்? தடிமன் கூடக்கூட நிறம் மாறும்; கையால் பீய்ச்சியது எங்கும் ஒரே தடிமனில் இருக்காது. மேட்டில் ஒரு நிறம், பள்ளத்தில் வேறு நிறம். டால்ஃபின் கிண்ணத்தை மெல்லச் சாய்த்துப் பார்த்தால் நேராகப் பார்க்கும்போது ஆரஞ்சாக, 600 நானோமீட்டரில் மின்னிய இடம், 60 டிகிரி சாய்வில் 540-க்கு இறங்கிப் பச்சையாகும். சாய்வில் இரண்டு அலைகளுக்கும் இடையிலான பாதை வேறுபாடு குறைவதால் வரும் மாற்றம் அது. ‘மேரிகோல்டு’ எனப்படும் செவ்வந்தி மஞ்சளுக்கு மட்டும் இன்னொரு காரணமும் சேர்கிறது: இரும்பு ஆக்சைடுக்குச் சொந்தமாகவே நிறம் உண்டு.

பீய்ச்சிய பிறகு கிண்ணத்தை மறுபடி சூடுகாட்டி விளிம்பை விரித்தால் கண்ணாடி நீளும். மேலே ஒட்டிய ஆக்சைடு நீளாது. படலம் நுண்ணிதாக வெடித்து, வெங்காயத் தோல் மாதிரி மங்கிய மினுக்கம் வரும். வடிவம் முடிந்த பிறகு பீய்ச்சினால் முகம் பார்க்கும் பளபளப்பு. ஆகவே மினுக்கத்தின் தன்மையைப் பார்த்தே, பட்டறையில் எந்த வேலை முன்னால் நடந்தது, எது பின்னால் என்று சொல்லிவிடலாம். இந்தியாவிலும் இந்தத் தொழில் நடந்திருக்கிறது. ஃபிரோசாபாத்தின் ஜெயின் கண்ணாடி ஆலை செய்த யானை, மீன் உருவப் பூச்சாடிகளை இன்று ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

வெள்ளீய ஆக்சைடுப் படலம் கார்னிவல் மோகத்தோடு ஓய்ந்துவிடவில்லை. இன்றைய கண்ணாடி பாட்டில்கள் பலவற்றுக்கும் அச்சிலிருந்து வந்த சூட்டோடு இதே ஆக்சைடை, நிறமே தெரியாத அளவு மெல்லியதாக, சுமார் 10 நானோமீட்டரில் ஏற்றுகிறார்கள். அடுத்த கட்டத்தில் வரும் பூச்சு பிடித்துக்கொள்ளவும் உராய்வைத் தாங்கவும். அளவு மீறினால் பாட்டில் வானவில்லாக மின்னும். அங்கே அது குறை. கொஞ்சம் ஃபுளோரின் கலந்தால் இதே படலம் மின்சாரத்தைக் கடத்தும். காட்மியம் டெல்லுரைடு சூரியத் தகடுகளின் முன்கண்ணாடியில் இருப்பது அதுதான். 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலை செய்வது அந்த வகைத் தகடுகளைத்தான்.

மேற்பரப்பு வேலை என்று பலர் தவறாக எண்ணும் இரண்டை இங்கே விலக்கிவிட வேண்டும். 1889-இல் டேவிட்சன் காப்புரிமை பெற்ற ‘பேர்லைன்’ கிண்ணங்களின் விளிம்பு பால்போல வெளுத்திருக்கும். பூச்சு அல்ல. கண்ணாடிக் கலவையிலேயே இருக்கும் பொருள்கள் விளிம்பை மறுபடி சூடாக்கும்போது நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. குறுகிய அலைநீளம் அதிகம் சிதறுவதால், சிதறித் திரும்பும் ஒளியில் நீலச் சாயல். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தேன்நிறம். 1923-இல் டேவிட்சன் தொடங்கிய ‘கிளவுட்’ கண்ணாடியின் கருமேகக் கோடுகளும் உள்ளே ஓடுபவை. அழுத்துவதற்கு முன் குழம்பில் சேர்த்த அடர்நிறக் கண்ணாடி இழைகள். அவற்றிலும் சிலவற்றை அமிலத்தில் முக்கி மங்கலாக்கினார்கள். மேகத்தின்மேல் பனி. எனக்கு அது அதிகப்படியாகவே தோன்றுகிறது.

சேகரிப்பாளர்கள் வடிவத்தைப் பார்த்து வயது கணிக்கிறார்கள். 1842 முதல் 1883 வரை வைரக்குறி, 1884 முதல் பதிவெண் என்று பிரிட்டிஷ் வடிவமைப்புப் பதிவு முறை அதற்கு நன்றாக உதவுகிறது. ஆனால் அந்தக் குறி அச்சில் வெட்டியது. வடிவம் எப்போது பதிவானது என்பதைத்தான் அது சொல்லும். கிண்ணம் எப்போது வெளிவந்தது என்பதைச் சொல்லாது. தாத்தா காலத்து அச்சில் பேரன் காலத்துக் கிண்ணம் பிறக்கலாம். மேற்பரப்பு அந்த நாளுக்கு இன்னும் நெருக்கமான சாட்சி.

அந்தச் சாட்சியையும் கலைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. கைவினைக் கடைகளில் கிடைக்கும் அரிப்புப் பசையைத் தடவி, சாதாரண அச்சுக் கண்ணாடியை மங்கலாக்கி விலையேற்றுவது ஒரு தந்திரம். அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். பல ஆண்டு மேசையில் உராய்ந்த மங்கல் சாடியில், தரையைத் தொடும் வளையம் தேய்ந்து பளபளத்திருக்கும். கீறல்கள் மங்கலை அறுத்துக்கொண்டு போகும். கீறலின் உள்ளேயும் மங்கல் இறங்கியிருந்தால், கீறல் முந்தி, மங்கல் பிந்தி. குட்டு அங்கேயே வெளிப்பட்டுவிடும். நீங்களே அந்தப் பசையோடு விளையாட நினைத்தால் வேண்டாம். ஃபுளூரைடு தோல் வழியே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்ட உடனே வலிக்காது என்பதுதான் அதன் பெரிய ஆபத்து.

அந்தச் சாட்சியைக் கலைக்கும் இன்னொன்று, கண்ணாடிக்கு வரும் நோய். பூச்சாடியில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றால் கண்ணாடியின் சோடியம் மெல்லக் கசிந்து வெளியேறும். மேற்படலம் நுண்துளைகளுள்ள சிலிக்காவாக மிஞ்சி வெளுத்துப்போகும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரமான சோப்பு இன்னும் மோசம். அது சிலிக்காவையே கரைக்கும், வானவில் படலத்தையும் மங்கடிக்கும். வெளுப்பு வெறும் சுண்ணாம்புப் படிவு என்றால் வினிகரில் ஊறவைத்தால் போய்விடும். போகவில்லையென்றால் கண்ணாடியே கெட்டுவிட்டது என்று பொருள். திருப்ப முடியாது, மேற்படலத்தை அரைத்தெடுத்து மெருகேற்றினால்தான் உண்டு. இங்கேதான் எண்ணெய் வியாபாரியின் கைக்கு வருகிறது. கெட்ட கண்ணாடியின் உட்புறம் துளி மினரல் ஆயில் தடவிவிட்டால், மேலே பார்த்த அதே ஒளிவிலகல் கணக்கின்படி, வெளுப்பு மாயமாகிவிடும். வீட்டுக்கு வந்து கழுவிய பிறகுதான் உண்மை தெரியும்.

ஆகவே பழைய பூச்சாடி வாங்குகிறவர்களுக்கு ஒரே வார்த்தை. காசைக் கொடுப்பதற்கு முன், சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, உலரவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் சாடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.